கடைசியார் எண்ணாதவர்கள்

மூன்று பேர் உள்ளே வருகிறார்கள். கணவன், மனைவி, கூடவே மனைவியின் தம்பி போல ஒருவர். கடைசியாரின் வலது கை கோட்டுப் பைக்குள் போகிறது. கட்டைவிரல் உள்ளே தயாராக இருப்பது துணிக்கு வெளியே புடைத்துத் தெரிகிறது. ஆனால் அமுக்கவில்லை. கணவர் நேராக நடுவிலிருக்கும் பெஞ்சுக்குப் போய் "அப்பாடா" என்று சரிகிறார். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, ஷூவுக்குள் விரலை விட்டுக் குதிகாலைத் தடவிக்கொள்கிறார். மனைவி மட்டும் என்ன நினைத்தாரோ, சுவரோரக் கண்ணாடிப் பெட்டி ஒன்றின் முன் நின்று குனிந்து பார்க்கிறார். பைக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். வந்தவர்கள் மூன்று பேர். கணக்கில் சேர்ந்தவர் ஒருவர்.

அந்த அரண்மனையில் இருபத்து மூன்று அறைகள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கின்றன. இருபத்து மூன்றாவது அறைக்கு இவர் காவலர். பதினோரு வருஷமாக இதே அறைதான். அதனால் கூட வேலை பார்ப்பவர்கள் இவருக்குக் கடைசியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கோபமில்லையா என்று கேட்டேன். "கடைசின்னாலும் மரியாதை போட்டுத்தானே கூப்பிடுறாங்க, விடுங்க" என்றார்.

ஒரு பத்திரிகைக்காக அரச குடும்பத்தின் சேகரிப்புகளைப் பற்றி எழுதத்தான் நான் அங்கே போனேன். வாளும் கேடயமும் நிறைந்த முதல் அறையில் அடேயப்பா என்று வாயைப் பிளந்தேன். தங்க முலாம் பூசிய தட்டுகளின் அறையிலும் பிளந்தேன். பத்தாவது அறை வருவதற்குள் வாய் தானாக மூடிக்கொண்டது. பதினைந்தாவது அறையில் ராணியின் கட்டிலைப் பார்த்தபோது, இதில் ஏறிக் கொஞ்சம் படுத்தால் என்ன என்பதைத் தவிர வேறு எந்தச் சிந்தனையும் எனக்கு வரவில்லை. திரும்பிய பக்கமெல்லாம் நாற்காலி. எல்லா நாற்காலிக்கும் குறுக்கே சிவப்புக் கயிறு. உட்கார்ந்தே வாழ்ந்தவர்களின் வீட்டை நின்றே பார்த்துச் சாகவேண்டும் என்று யாரோ பழி தீர்த்த மாதிரி இருந்தது.

இருபத்திரண்டாவது அறை, கண்ணாடி அறை. நாலு சுவரும் கண்ணாடி. என் களைத்த மூஞ்சியை நாற்பது இடத்தில் நானே பார்க்க வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் இரண்டு கதவுகள். இடப்பக்கம் வெளியே போகும் படிக்கட்டு. வலப்பக்கம் ஒரு குட்டைக் கதவு. அதன் வழியாக ஒரு பெஞ்சு தெரிந்தது. சாதாரண மரப் பெஞ்சு, குறுக்கே கயிறு இல்லாத பெஞ்சு. நான் எதையும் யோசிக்கவில்லை. போய் விழுந்தேன்.

இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். கதவு நிலையில் சாய்ந்து நின்ற இந்த மனிதரிடம் பேச்சுக் கொடுத்தேன். பொறுமையாகப் பதில் சொன்னார். கழிப்பறை எங்கே, வெளியே போகும் வழி எது, இந்த ரெண்டு கேள்விக்குத்தான் ஒரு நாளைக்கு நூறு தடவை வாயைத் திறப்பதாகச் சொன்னார். கிளம்பும்போதுதான் அந்த டக் சத்தத்தைப் பற்றிக் கேட்டேன். பைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். உள்ளங்கையில் அடங்கும் எண்ணும் கருவி. ஒரு அமுக்கு அமுக்கினால் ஒரு எண் கூடும். எல்லா அறைக் காவலரிடமும் ஒன்று உண்டு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'டக்கு'. சாயங்காலம் அதில் உள்ள எண்ணை ஒரு சீட்டில் எழுதி அலுவலகத்தில் போட்டுவிட்டுப் போகவேண்டும்.

"அப்ப என்னையும் எண்ணியாச்சா?" என்றேன்.

"இல்லைங்க."

"ஏன்? நான் மனுஷனாத் தெரியலையா?"

"நீங்க எதையும் பாக்கலையே. பெஞ்சைப் பாத்தீங்க, என்னைப் பாத்தீங்க, மணியைப் பாத்தீங்க. அவ்வளவுதான்."

முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. நியாயமாகவும் இருந்தது. அதனால் இன்னும் எரிச்சல் வந்தது. 'போய்யா, உன் டக்குவும் நீயும்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே படியிறங்கினேன். ஆனால் மறுநாள் வேறு எந்த அறைக்கும் போகாமல், பக்கவாட்டுப் படி வழியாக நேரே அங்கேதான் போனேன்.

அந்த அறையில் இருப்பவை காலணிகள். அரச குடும்பத்தார் போட்டவை, போடச் செய்து போடாமல் விட்டவை, எல்லாம் சேர்ந்து அறுபத்தாறு ஜோடி. தங்கத்துக்கும் வைரத்துக்கும் முன் அறைகளில் இடம் கொடுத்துவிட்டு மிச்சத்தை இங்கே தள்ளியிருக்கிறார்கள். பெட்டிகள் முழங்கால் உயரம்தான். அதனால் தலை குனியாமல் உள்ளே இருப்பது எதுவும் தெரியாது. கடைசியாரின் கணக்கும் இதை வைத்துத்தான். தலை குனிந்தால் டக். குனியாவிட்டால் இல்லை.

"போனைப் பாக்கக் குனிஞ்சா?" என்று கேட்டேன்.

"அது போனுக்குக் குனிஞ்சது."

"போட்டோ எடுக்கக் குனிஞ்சா?"

கொஞ்சம் யோசித்தார். இதில் அவருக்கே பல வருஷமாகச் சங்கடம் இருந்திருக்கவேண்டும். "அவங்க வீட்டுல போய்ப் பாப்பாங்க. பாக்கட்டும். இங்க பாக்கல."

நான் குனிந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, இருந்தாலும் விடாமல் பெட்டி பெட்டியாகக் குனிந்தேன். வெல்வெட், பட்டு, மான்தோல், முத்துக் கோத்த முனைகள். ஒன்றை மட்டும் கவனித்தேன். ஒரு ஜோடியிலும் அடிப்பாகத்தில் தேய்மானமே இல்லை. கடையிலிருந்து நேற்று வாங்கி வந்ததுபோல் இருந்தன.

"ராஜா எங்கங்க நடந்தாரு" என்றார் கடைசியார், பின்னாலிருந்து. "கட்டில்லேர்ந்து பல்லக்கு, பல்லக்குலேர்ந்து சிம்மாசனம். நம்ம காலைவிடக் கொஞ்சம் சின்னக் காலு வேற. நடக்காத காலு வளராது போலிருக்கு."

மூலையில் ஒரு ஜோடி மட்டும் வேறு மாதிரி இருந்தது. பூவேலை இல்லை, முத்து இல்லை. தடித்த தோல். அடிப்பாகம் ஒரு பக்கமாகச் சரிந்து தேய்ந்து, குதிகாலில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. கீழே சிறிய அட்டையில் 'அரண்மனைப் பணியாளர், பெயர் தெரியவில்லை' என்று மட்டும் இருந்தது.

"இவரு யாருன்னு கேளுங்க" என்றார். முதல்முறையாக அவர் குரலில் ஒரு துள்ளல். "ராஜாவுக்குப் புதுச் செருப்பு தச்சா கடிக்கும்ல? அது கடிக்காம இருக்கணும்னு ஒரு ஆளு. ராஜா கால் அளவே கால் உள்ள ஆளு. புதுசைப் போட்டுக்கிட்டு கம்பளம் விரிச்ச முற்றத்தைச் சுத்திச் சுத்தி வரணும். கொப்புளமெல்லாம் இவருக்கு. பதமானதும் துடைச்சு ராஜாவுக்குக் குடுத்துடுவாங்க. இது அவரோட சொந்தச் செருப்பு. வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறப்ப போட்டுக்கிட்டுப் போனது."

நான் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் கொப்புளம் என் குதிகாலில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. எண்ணப்படவேண்டும் என்றே பெட்டி பெட்டியாகக் குனிந்தபோது கேட்காத டக், இப்போது பின்னாலிருந்து கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், பள்ளிக்கூடத்தில் முதல் மார்க்கு வாங்கியபோதுகூட எனக்கு அப்படிச் சந்தோஷம் வந்ததில்லை.

அதற்கப்புறம் நான் அடிக்கடி அங்கே போக ஆரம்பித்தேன். கட்டுரை ஒரு சாக்கு.

ஆள் நெட்டை. கோட்டு ஒரு அளவு பெரிசு, தோள் இறங்கித் தொங்கும். காலையில் ஷூவின் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டிருப்பார். மதியத்துக்குள் ஒரு முடிச்சு தளர்ந்திருக்கும். மூன்று மணிக்குக் கயிறு முழுதும் அவிழ்ந்து தொங்கும், அதற்குள் கால் அந்த அளவு வீங்கிவிடும். கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாக இருக்கிறது. வீட்டுக்காரம்மா தினமும் காலையில் துணிப்பட்டை சுற்றி அனுப்புகிறார். மருத்துவர் ரொம்ப நேரம் நிற்காதே என்றிருக்கிறார். "நிக்கறதுக்குத்தான் டாக்டர் என்னை வச்சிருக்காங்கன்னு சொன்னேன். அவரு சிரிக்கல" என்றார் கடைசியார்.

காவலர்கள் பார்வையாளர் பெஞ்சில் உட்காரக்கூடாது என்பது விதி. மற்ற அறைகளில் சுவரில் சாயவும் கூடாது, சுவரெல்லாம் பழைய பட்டுத்துணி. இந்த அறையில் வெறும் சுண்ணாம்புச் சுவர் என்பதால் கதவு நிலையில் தோளைச் சாய்த்துக்கொள்ளலாம். பதினோரு வருஷம் ஒரே இடத்தில் சாய்ந்து சாய்ந்து, நிலையில் இவர் இடத்தோள் உயரத்துக்கு மரம் வழவழவென்று மின்னுகிறது. இந்தச் சாய்மானம் இருப்பதால்தான் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்தேன் என்பார்.

அந்தப் பெஞ்சைக் கொண்டுவந்ததும் இவர்தான். ஒன்பது வருஷத்துக்கு முன் வயதான ஒருவர் கால் கடுத்துப்போய்க் கண்ணாடிப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாராம். அபாய மணி அலறி, ஆட்கள் ஓடிவந்து, பாவம் அந்த மனிதர் அழுதுவிட்டாராம். பெஞ்சு ஒன்று வேண்டும் என்று கடைசியார் அன்றைக்கே மனு எழுதினார். பதில் இல்லை. ஆறு மாதம் மனு மேல் மனு. கடைசியில் தோட்டத்துக் கொட்டகையில் கால் உடைந்து கிடந்த பெஞ்சு ஒன்றைத் தச்சரிடம் கெஞ்சிச் சரிசெய்து, இரண்டு பேரைப் பிடித்து மேலே ஏற்றினார். இத்தனையும் செய்துவிட்டு, அந்தப் பெஞ்சுக்கு வருகிறவர்களை எண்ணவும் மாட்டேன் என்றால் என்ன மனிதர் இவர்?

இதே கேள்வியைக் கண்ணாடி அறைக் காவலர் தினமும் கேட்கிறார். நாற்பது வயசுப் பெண். எல்லாருக்கும் அவர் 'கண்ணாடி அக்கா'. மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவோடு இங்கே வந்துவிடுவார்.

"அண்ணே, நாங்க எல்லாரும் வாசப்படி தாண்டினவங்களைத்தான் அமுக்குறோம். தாண்டினா டக், தாண்டினா டக். என் ரூமுக்கு வந்தவங்கள்ல பாதிப்பேரு இங்க வராங்க. நீங்க மட்டும் சாயங்காலம் நாப்பதுன்னு எழுதிக் குடுத்தா மேல என்ன நினைப்பாங்க?"

"நாப்பது பேருதான் பாத்தாங்க."

"உங்ககிட்ட யாருண்ணே பாத்தவங்களை எண்ணச் சொன்னது?"

"வேற எதுக்குங்க எண்ணணும்?"

அக்கா என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு டப்பாவை மூடிவிட்டு எழுந்து, ஒரு பெட்டிக்கு முன்னால் வேண்டுமென்றே நன்றாகக் குனிந்து காட்டினார். "இப்ப?"

"காவலர் கோட்டு போட்டிருக்கீங்களே. கோட்டோட பாக்குறது வேலை. கழட்டிட்டு வாங்க, எண்ணுறேன்."

"இவரைக் கட்டிக்கிட்ட புண்ணியவதி எப்படித்தான் இருக்காங்களோ" என்று போனார் அக்கா.

அந்தப் புண்ணியவதியை நான் பிறகு சந்தித்தேன். அதைச் சொல்வதற்கு முன்னால் வந்து சேர்ந்த இடியைச் சொல்லிவிடுகிறேன்.

அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. நாளொன்றுக்கு நூறு பேர்கூட வராத அறைகளை மூடுவது என்று முடிவாம். அறைகள் சாமான் போட்டு வைக்க ஆகும். காவலர்கள் வெளிவாசலுக்கு மாற்றப்படுவார்கள். வெளிவாசல் என்றால் வண்டிகளை வழிகாட்டி நிறுத்தும் வேலை. வெட்டவெளி. சாய ஒரு கம்பம்கூடக் கிடையாது. பட்டியலில் ஒரே ஒரு அறைதான் இருந்தது.

"முன்னாடியே சொன்னேனே, சொன்னேனே" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியார் சுற்றறிக்கையை நாலாக மடித்து மேல்பையில் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலமும் சீட்டில் நாற்பத்திரண்டு என்றே எழுதினார்.

வாசலில் நின்று நானே ஒரு நாள் எண்ணினேன். இருநூற்று அறுபத்தேழு பேர் அந்தக் குட்டைக் கதவைத் தாண்டினார்கள். குழந்தைக்குப் பால் கொடுக்க வந்தவர், வலி மாத்திரை போட்டுக்கொள்ள வந்தவர், சண்டை போட்டுக்கொண்டு வந்து பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்து, போகும்போது ஒன்றாகப் போன தம்பதி. அரண்மனை முழுக்க அலைந்து நொந்தவர்களுக்கு அந்த ஒரு அறைதான் இரக்கம் காட்டியது. அலுவலகத்தின் காகிதத்திலோ அது யாரும் வராத அறை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மா வந்தார். அறை மூடப்போகிறது என்று தெரிந்தபின் ஒருமுறையாவது பார்த்துவிடலாம் என்று வந்திருந்தார். உருண்டையான, சிரித்த முகம். இருபத்திரண்டு அறைகளையும் நடந்து முடித்துவிட்டு வந்தவர் கணவரை ஏறெடுத்தும் பார்க்காமல் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அரைமணி நேரம் கழித்து நான் கடைசியாரைப் பார்த்தேன். அவர் கை பைக்குள் இருந்தது. சத்தமில்லை.

"ஏங்க, சொந்தப் பொண்டாட்டியைக்கூட எண்ணலையா?" என்றேன், ஆற்றாமையில்.

வீட்டுக்காரம்மாதான் சிரித்தார். "இவர்கிட்டப் போய் எதிர்பாக்கறீங்களே. எங்க கல்யாணத்துக்கு வந்தவங்கள்ல சாப்பிட வந்தவங்க எத்தனை பேரு, வாழ்த்த வந்தவங்க எத்தனை பேருன்னு அன்னைக்கே பிரிச்சுச் சொன்ன மனுஷன். என்னமோ போங்க. இந்தச் செருப்பெல்லாம் எனக்குப் பாக்காமலே மனப்பாடம். பதினோரு வருஷமா ராத்திரி கால் அமுக்கும்போது வேற என்ன பேசினாரு?" சொல்லிக்கொண்டே குனிந்து கணவரின் அவிழ்ந்த ஷூக்கயிற்றைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டார், தடுக்காமல் இருக்க. சிரிப்பு நின்றுவிட்டது. "வெளிவாசல்ல இவர் கால் ஒரு மாசம் தாங்காது" என்று என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார்.

அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவரிடம் கேட்காமல், அரண்மனைப் பொறுப்பில் இருக்கும் அதிகாரியம்மாவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். என்ன நடக்கிறது, இவர் எப்படி எண்ணுகிறார், நான் எண்ணியது எத்தனை, எல்லாம். வாயையும் கையையும் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற பழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது.

அதிகாரியம்மா நேரில் வந்தார். நல்ல மனுஷி என்றே சொல்லவேண்டும். ஆனால் முதல் அறையிலிருந்து எல்லாவற்றையும் சோதித்துக்கொண்டு வந்தவர், இருபத்து மூன்றாவது அறைக்குள் நுழையும்போது உயரக் குதிகால் செருப்பில் தள்ளாடினார். நேரே பெஞ்சு. செருப்பைக் கழற்றிவிட்டார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கோப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு பேசினார்.

"உங்களை மாத்த எனக்கு விருப்பமில்லை. இவங்க கடிதத்தைப் படிச்சேன். ஆனா பதிவுல இருக்கறது நீங்க எழுதிக் குடுத்த எண்ணுதான். அதை வேற யாரும் மாத்த முடியாது. நீங்க ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. 'இதுவரை நான் எண்ணியது தவறான முறை' அப்படின்னு. கையெழுத்துப் போடுங்க. அறையை மூடுற உத்தரவை நிறுத்திடுறேன்."

வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினார். கண்ணாடி அக்கா கதவருகில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கடைசியார் தாளை வாங்கினார். பேனாவையும் வாங்கினார். எழுத இடம் தேடுவதுபோல் அறையைச் சுற்றிப் பார்த்தார். அந்த அறையில் மேஜை இல்லை. கண்ணாடிப் பெட்டி மேல் வைத்து எழுத மாட்டார், அது எனக்குத் தெரியும். சுவரில் தாளை வைத்து அழுத்திப் பிடித்தார். ரொம்ப நேரம் அப்படியே நின்றார். தாளில் பேனா படவே இல்லை.

திரும்பினார். "நான் தப்பா எண்ணலைங்கம்மா" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தெரியுதும்மா. வேற என்ன வேணும்னாலும் எழுதித் தரேன். இனிமே வாசப்படி தாண்டினவங்களை எண்ணுறேன்னு எழுதித் தரேன். எண்ணியும் தரேன். ஆனா எண்ணினது தப்புன்னு எப்படி எழுதறது? ஒருத்தரைக்கூட நான் கூட்டல, குறைக்கல."

இனிமேல் எண்ணப்போவது அதிகாரியம்மாவுக்கு உதவாது. உத்தரவு பழைய எண்ணை வைத்து வந்தது; பழைய எண் தவறு என்று ஆகாமல் உத்தரவை நிறுத்த அவருக்கு வழியில்லை. அதையும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். கடைசியார் கேட்டுக்கொண்டார். தாளையும் பேனாவையும் திருப்பிக் கொடுத்தார். அதிகாரியம்மா பெருமூச்சு விட்டு, செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு, வந்த வழியே போனார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஒரு வரி! ஒரே ஒரு வரி! உங்க கால் என்னாகும்னு யோசிச்சீங்களா?"

"வலிக்கும்" என்றார்.

"உங்க வீட்டுக்காரம்மாவுக்கு என்ன பதில் சொல்வீங்க?"

இதற்கு மட்டும் அவர் முகம் வாடியது. கதவு நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டார். "பத்திரிகைக்காரரே, நான் பெருசா எதுவும் பண்ணலைங்க இந்த உலகத்துல. நின்னேன். எண்ணினேன். அது ஒண்ணாவது சரியா இருந்துட்டுப் போகட்டுமே."

வீம்புக்காகக் கேட்டேன். "சரி, இப்ப வந்துட்டுப் போனாங்களே அதிகாரியம்மா. அவங்கதான் கோட்டு போடலையே. எண்ணுனீங்களா?"

"இல்லைங்க. பாவம், அவங்களுக்கும் கால் வலி. ஒண்ணையும் பாக்கல."

மூடும் நாள் ஒரு சாதாரண வியாழக்கிழமை. வந்தவர்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், போனார்கள். இனி இந்தப் பெஞ்சு இருக்காது என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது. கடைசியாரும் சொல்லவில்லை. கழிப்பறைக்கு வழி சொன்னார். ஒரு கிழவரைக் கைபிடித்து எழுப்பிவிட்டார். மூன்று மணிக்கு வழக்கம்போல ஷூக்கயிறு அவிழ்ந்தது. நடுநடுவே டக், டக்.

ஐந்து மணிக்கு அரண்மனை மணி அடித்தது. கண்ணாடி அக்கா வந்து கதவருகில் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்து, "வரேண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். கடைசியார் வெள்ளைத் துணிகளை எடுத்துவந்து ஒவ்வொரு பெட்டியாக மூடினார். மூலைப் பெட்டியை மட்டும் மூடவில்லை. எண்ணும் கருவியை எடுத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். முப்பத்தெட்டு.

"சீட்டு எழுதலையா?" என்றேன்.

"இன்னும் இல்லைங்க."

கோட்டைக் கழற்றினார். பொத்தான் பொத்தானாக, மெதுவாக. உதறி மடித்துக் கதவுப் பிடியில் தொங்கவிட்டார். உள்ளே பழைய நீலச் சட்டை; முழங்கையில் வீட்டுக்காரம்மாவின் தையல். கோட்டு இல்லாமல் ஆள் இன்னும் மெலிசாகத் தெரிந்தார். டக்குவைக் கையில் வைத்துக்கொண்டு குட்டைக் கதவு வழியாகக் கண்ணாடி அறைக்குப் போனார். அங்கே கொஞ்சம் நின்றார். திரும்பி, தலையைத் தாழ்த்திக்கொண்டு, புதிதாக வருகிறவர்போல உள்ளே வந்தார்.

பெஞ்சில் உட்கார்ந்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. இரண்டு காலையும் முன்னால் நீட்டிக்கொண்டார். அவர் உடம்பிலிருந்து வந்த பெருமூச்சு எனக்கே கேட்டது. நான் அவர் கட்டைவிரலைப் பார்த்தேன். அது அசையவில்லை.

வெகுநேரம் கழித்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவிழ்ந்த கயிறு தரையில் இழுபட, மூலைப் பெட்டிவரை நடந்தார். ஓட்டை விழுந்த அந்தச் செருப்பின் முன்னால் நின்றார். தலை குனிந்தார்.

டக்.